எஃப் எண் முகத்துக்கு, திறப்பின் அகலம் பின்னணிக்கு: போர்ட்ரெய்ட் லென்ஸ் தேர்ந்தெடுப்பது எப்படி

கேள்வி சுருக்கமாக இது: ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா வாங்கியாயிற்று. கூடவே வந்த ஜூம் லென்ஸில் ஆட்களை எடுத்தால் பின்னணி அவ்வளவாகக் கரையவில்லை. 85 மி.மீ. எஃப் 1.8 போதுமா, கொஞ்சம் பொறுத்து 1.4 வாங்கலாமா, 1.2 நிஜமாகவே வேறு உலகமா, 135-ஐ எல்லோரும் இப்படிப் புகழ்கிறார்களே ஏன், டிஎஸ்எல்ஆர் (மிரர்லெஸ்ஸுக்கு முந்தைய, உள்ளே மிரர் உள்ள கேமரா) காலத்து 85 ஒன்று கையில் இருக்கிறது, அதையே அடாப்டர் போட்டு ஓட்டினால் என்ன?

லென்ஸ் பெயர்களுக்குப் போகும் முன் ஒரே ஒரு வகுத்தல் கணக்கு போட்டுவிடுவோம். மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. லென்ஸின் ஃபோக்கல் லெங்த்தை (பெயரில் மி.மீ.யில் வரும் எண்) எஃப் எண்ணால் (எஃப்-க்குப் பின்னால் வரும் எண்) வகுங்கள். 85-ஐ 1.4-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 61. லென்ஸை முன்பக்கமிருந்து பார்த்தால் உள்ளே தெரிகிற அபெர்ச்சர் துளையின் அகலம் அது, மில்லிமீட்டரில். இந்தப் பதில் முழுக்க அதைத் திறப்பு அகலம் என்றே சொல்கிறேன்.

இந்த எண்ணுக்கு அழகான ஒரு குணம் உண்டு. இரவில் ஒருவரை நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். அவருக்குப் பின்னால் வெகு தொலைவில் ஒரு தெருவிளக்கு எரிகிறது. ஃபோகஸ் முகத்தில் இருப்பதால் விளக்கு ஒரு மங்கிய வட்டமாக விழும். முகத்தின் அளவோடு வைத்துப் பார்த்தால் அந்த வட்டத்தின் விட்டம் திறப்பு அகலமேதான். 85 எஃப் 1.4-இல் அது 61 மி.மீ. பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கு நடுவே சராசரியாக 63 மி.மீ. இடைவெளி இருக்கும். ஆக, படத்தை எவ்வளவு பெரிதாகப் பிரிண்ட் போட்டாலும் அந்த விளக்கு வட்டம் கிட்டத்தட்ட ஒரு கண்ணிலிருந்து மறு கண் வரை நீளும். அதே இடத்தில் 85 எஃப் 1.8 போட்டால் வட்டம் 47 மி.மீ. ஆகும். எஃப் 1.2 போட்டால் 71. 135 எஃப் 1.8 போட்டால் 75. இப்போது உங்களிடம் இருக்கும் ஜூம் 70 மி.மீ.யில் எஃப் 5.6 என்றால் 12.5 மட்டுமே. பின்னணி ஏன் கரையவில்லை என்பதற்குப் பதில் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

சென்சார் அளவு பற்றிய குழப்பமும் இதிலேயே தீர்ந்துவிடும். ஃபுஜிஃபிலிம் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராக்களுக்கான 56 மி.மீ. எஃப் 1.2-இன் திறப்பு அகலம் 46.7. ஃபுல் ஃப்ரேம் 85 எஃப் 1.8-இன் அகலம் 47.2. இரண்டுக்கும் பார்வைக் கோணமும் ஒன்றுதான், பின்னணி மங்குவதும் ஒன்றுதான். பெருக்கிக் கழித்து ஈக்விவலன்ட், அதாவது ஃபுல் ஃப்ரேமில் சமமான எண், கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, அப்படியானால் எஃப் எண் எதற்கு? அது முகத்துக்கு. ஃப்ரேமில் முகம் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், எந்த ஃபோக்கல் லெங்த்தில் எடுத்தாலும் கூர்மையாக இருக்கும் ஆழம், அதாவது டெப்த் ஆஃப் ஃபீல்ட், நடைமுறையில் எஃப் எண்ணைப் பொறுத்தது மட்டுமே. தலையும் தோளும் ஃப்ரேமில் நிறையும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 85-இல் அதற்கு ஏறக்குறைய 1.2 மீட்டரில் நிற்க வேண்டும். வழக்கமான கணக்குப்படி எஃப் 1.2-இல் கூர்மையின் ஆழம் 13 மி.மீ., எஃப் 1.4-இல் 15, எஃப் 1.8-இல் 20, எஃப் 2.8-இல் 31.

இந்த 15 மி.மீ. என்பது நேரில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். எதிரே இருப்பவர் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புகிறார். அருகில் உள்ள கண்ணின் கருவிழியில் ஃபோகஸ் விழுகிறது. அந்தக் கண்ணின் இமை முடிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். மூக்கு நுனி ஏற்கெனவே மென்மையாகிவிட்டது. மறுபக்கத்துக் கண், தலை திரும்பிய அளவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டது, அதனால் அது மங்கல். காது ஒரு நிழல் மாதிரி. அவர் பேசிக்கொண்டே ஒரு விரல் அகலம் முன்னால் சாய்ந்தால் கூர்மை கண்ணை விட்டு நெற்றியோர முடிக்குப் போய்விடும். இது சில படங்களுக்கு மிக அழகாக இருக்கும். ஆனால் குடும்பத்தோடு ஒருவரைக் காட்டும் படத்துக்கும், இரண்டு பேர் சேர்ந்து நிற்கும் படத்துக்கும் இது உதவாது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் 135-ஐ ஏன் புகழ்கிறார்கள் என்பது விளங்கும். 85 எஃப் 1.2-இன் திறப்பு அகலம் 71, முகத்தில் கூர்மை 13 மி.மீ. 135 எஃப் 1.8-இன் அகலம் 75, கூர்மை 20 மி.மீ. அதாவது தொலைவில் இருக்கும் பின்னணியை 135 இன்னும் கூடுதலாகக் கரைக்கிறது, அதே சமயம் முகத்தில் பாதிக்குப் பாதி அதிக ஆழமும் தருகிறது. ‘கண் இரண்டும் கூர்மை, பின்னால் வெறும் வண்ணம்’ என்ற தோற்றம் வேண்டுமென்றால் அதற்கு நேர்வழி இன்னும் சிறிய எஃப் எண்ணைத் தேடுவது கிடையாது, இன்னும் நீளமான லென்ஸ்தான். 70-200 எஃப் 2.8 ஜூம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 200-இல் அதன் திறப்பு அகலம் 71, எஃப் 1.2 லென்ஸுக்குச் சமம். திறந்த வெளியில் மட்டும் படம் எடுப்பவர் என்றால் அவருக்குத் தனியாக ஒரு போர்ட்ரெய்ட் பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) தேவையே இல்லாமல் போகலாம்.

இதில் ஒரு திருத்தம் இருக்கிறது. மேலே சொன்னது பின்னணி வெகு தொலைவில் இருந்தால். பின்னணி பக்கத்தில் இருக்கும்போது, ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்தை, கேமராவுக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, அதைத் திறப்பு அகலத்தோடு பெருக்க வேண்டும். 85-இல் 2 மீட்டர் தள்ளி ஒருவர், அவருக்குப் பின்னால் 2 மீட்டரில் ஒரு புத்தக அலமாரி என்று வைப்போம். எஃப் 1.4-இல் மங்கல் வட்டம் 30 மி.மீ., 1.8-இல் 24. அதே ஃப்ரேமிங்குக்கு 135-இல் 3.2 மீட்டர் பின்னால் போக வேண்டும், அப்போது 75 என்ற பெரிய எண் சுருங்கி 29 ஆகிவிடுகிறது. 50 எஃப் 1.2-இல் கிட்டே வந்து எடுத்தால் 26. ஆச்சரியமாக இருக்கும், அறைக்குள் 50 எஃப் 1.2, 85 எஃப் 1.8-ஐ முந்திவிடுகிறது. வெளியே போனால் 42-க்கு 47 என்று தோற்றும் விடுகிறது. ஒருவர் 135-தான் எல்லாவற்றுக்கும் மேல் என்றும், இன்னொருவர் 50-தான் என்றும் சண்டை போடுவதைப் பார்த்தால் முதலில் இருவரும் எங்கே படம் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். இருவரும் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இட வசதிதான் அடுத்த கேள்வி, என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வியே. ஒருவரைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்க 50-இல் 2.8 மீட்டர் போதும். 85-இல் 4.7 மீட்டர் வேண்டும். 135-இல் ஏழரை மீட்டர். சாதாரண வீட்டு அறையில் 85-ஏ சுவரில் முதுகு இடிக்கும், 135 தலையும் தோளும் எடுக்க மட்டும்தான். ஏழரை மீட்டர் தள்ளி நின்றால் பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டும். கேமராவுக்குப் பழகாத ஒருவரை மெல்லப் பேசி இளக வைப்பது அங்கிருந்து கடினம். 85 இந்த விஷயத்தில் நல்ல நடுவழி. சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் தூரத்தில் நிற்கிறீர்கள், முகத்துக்குள் புகுந்துவிடவும் இல்லை.

முகத்தின் வடிவம் லென்ஸால் மாறுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். மாற்றுவது தூரம்தான். அரை மீட்டரில் நின்று எடுத்தால் எந்த லென்ஸிலும் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னால் ஒடுங்கும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் முகம் நாம் நேரில் பார்க்கிற மாதிரி இருக்கும். 85 உங்களை அந்தத் தூரத்தில் நிற்க வைக்கிறது, அவ்வளவுதான்.

இனி லென்ஸ்கள். சோனியில்தான் தேர்வுக்கு நிறைய இருக்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். 2017-இல் வந்த எஃப்ஈ 85 எஃப் 1.8-இன் எடை 371 கிராம். லீனியர் மோட்டார், ஃபோகஸ் வேகமானது, படம் நடுவில் மிகக் கூர்மை. குறை என்று பார்த்தால் முழுக்கத் திறக்கும்போது வெளிச்சமான விளிம்புகளில் ஊதா, பச்சை ஓரங்கள் தெரியும். 2016-இன் முதல் 85 எஃப் 1.4 ஜிஎம் (சோனியின் உயர்தர வரிசை) 820 கிராம். அதன் மங்கல் இன்றைக்கும் அழகு, ஆனால் ஃபோகஸ் மோட்டார் சத்தம் போடும், நகரும் ஆட்களைத் துரத்துவதில் பின்தங்கும். 2024-இல் வந்த இரண்டாம் பதிப்பு எடையை 642 கிராமுக்கு இறக்கி, லீனியர் மோட்டார்கள் வைத்து அந்தக் குறையை முழுக்கத் தீர்த்துவிட்டது. பழைய ஜிஎம்-ஐ இரண்டாம் கையாக வாங்க நினைப்பவர்கள், நின்று நிதானமாக எடுக்கும் படங்களுக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஓடும் குழந்தைகளுக்கு வேண்டாம்.

நடுவில் இருப்பது சிக்மா 85 எஃப் 1.4 டிஜி டிஎன் ஆர்ட், 2020-இல் வந்தது, சோனி ஈ மவுண்ட், எல் மவுண்ட் (மவுண்ட் என்பது லென்ஸ் கேமராவில் மாட்டும் பொருத்து வகை) இரண்டுக்கும் கிடைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சிக்மாவின் டிஎஸ்எல்ஆர் காலத்து 85 எஃப் 1.4 ஆர்ட் 1130 கிராம், 86 மி.மீ. ஃபில்டர். டிஜி டிஎன் சுமார் 630 கிராம், 77 மி.மீ. ஃபில்டர். ஏறக்குறைய பாதி எடை போய்விட்டது, படத்தின் தரமோ கூடியிருக்கிறது. இது எப்படி முடிந்தது? கண்ணாடி மட்டுமே எல்லாப் பிழைகளையும் திருத்த வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டார்கள். நேர்கோடுகள் உள்பக்கம் வளையும் பின்குஷன் டிஸ்டார்ஷனை அப்படியே விட்டு, அதைக் கேமராவும் ரா (கேமரா பதிவு செய்யும் திருத்தாத கோப்பு) மென்பொருளும் திருத்திக்கொள்ளட்டும் என்று வைத்தார்கள். மென்பொருளால் திருத்தவே முடியாத வண்ணப் பிழை, மங்கலின் தன்மை ஆகியவற்றுக்குக் கண்ணாடியைச் செலவழித்தார்கள். திருத்தம் செய்யாத ரா கோப்பைத் திறந்தால் வளைவு கண்ணில் படும். முகத்தை எடுக்கும் லென்ஸில் அதனால் நடைமுறையில் எந்த நஷ்டமும் இல்லை. சோனியின் மிக வேகமான கேமராக்களில் வேற்று நிறுவன லென்ஸ்களுக்குத் தொடர் படங்கள் நொடிக்கு 15 என்ற வரம்பு இருக்கிறது. விளையாட்டு எடுப்பவர்களுக்கு அது முக்கியம், போர்ட்ரெய்ட்டுக்கு இல்லை.

நிக்கானில் கதை எளிது. இசட் 85 எஃப் 1.8 எஸ், 470 கிராம். எஃப் 1.8 லென்ஸ்களில் வண்ண ஓரங்களை இந்த அளவுக்கு அடக்கியது அபூர்வம். முழுக்கத் திறந்தே தைரியமாக எடுக்கலாம். அதற்கு மேலே 2023-இல் வந்த இரண்டு: 85 எஃப் 1.2 எஸ் 1160 கிராம், 135 எஃப் 1.8 எஸ் ‘பிளீனா’ 995 கிராம். இந்த இரண்டில் ஒன்று என்றால் என் கை பிளீனாவுக்குத்தான் போகும். காரணத்தைக் கீழே மங்கல் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

கேனானில் ஆர்எஃப் 85 எஃப் 1.2 எல் 2019-இல் வந்தது, 1195 கிராம். வண்ணப் பிழை இவ்வளவு குறைந்த எஃப் 1.2 அதற்கு முன் பார்த்ததில்லை என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள், அது உண்மைதான். அதன் டிஎஸ் பதிப்பில் கண்ணாடியின் ஓரம் போகப் போக ஒளியைக் குறைக்கும் பூச்சு இருக்கிறது. மங்கல் வட்டங்களின் விளிம்பு மறைந்து பஞ்சு போல ஆகிவிடும். விலையாக ஒரு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). மறு கோடியில் ஆர்எஃப் 85 எஃப் 2 மேக்ரோ, 500 கிராம், ஐஎஸ் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) உண்டு, 35 செ.மீ. வரை நெருங்கலாம். ஃபோகஸ் மெதுவானது, குறைந்த வெளிச்சத்தில் தேடும். ஆனால் கண், கை, மோதிரம் என்று மிக நெருங்கி எடுக்க வேண்டுமென்றால் மற்ற 85-கள் 80 செ.மீ. பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன, இது ஒன்றுதான் உள்ளே போகும். ஆர்எஃப் 135 எஃப் 1.8 எல், 935 கிராம், அதிலும் ஐஎஸ் இருக்கிறது. 2025-இல் வந்த 85 எஃப் 1.4 எல் விசிஎம், கேனான்காரர்கள் நீண்ட நாளாகக் கேட்ட நடுத்தர லென்ஸ். எஃப் 1.2-இன் எடையில் ஏறக்குறைய பாதிதான். கேனானில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: 2024-இல் சிக்மா, டாம்ரான் இரண்டும் ஆர்எஃப் மவுண்டுக்குள் வந்தது ஏபிஎஸ்-சி லென்ஸ்களோடுதான். சோனிக்காரர்களுக்கு இருக்கும் மாற்று வழிகளை எதிர்பார்த்து கேனான் உடல் வாங்க வேண்டாம்.

எல் மவுண்டில் பானசோனிக் எஸ் 85 எஃப் 1.8 வெறும் 355 கிராம். சோனி ஈ மவுண்டுக்கான சாம்யாங் 135 எஃப் 1.8 772 கிராம்தான், 135-இல் அது பெரிய சலுகை. ஏபிஎஸ்-சியில் சிக்மா 56 எஃப் 1.4 280 கிராம், அகலம் 40. வில்ட்ராக்ஸ் 75 எஃப் 1.2 அகலம் 62.5, ஃபுல் ஃப்ரேம் 85 எஃப் 1.4-ஐயே தாண்டுகிறது. ஏபிஎஸ்-சியில் மங்கல் வராது என்று சொல்பவர்களிடம் இதைக் காட்டலாம்.

என் தீர்ப்பு இப்படி. முதல் போர்ட்ரெய்ட் பிரைம் என்றால் 85 எஃப் 1.8. 12.5-இலிருந்து 47-க்குப் போவது கண்ணைப் பறிக்கும் மாற்றம். 47-இலிருந்து 61-க்குப் போவதை இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் யாரும் சொல்லிவிடுவார்கள், தனியாகக் காட்டினால் பலரால் சொல்ல முடியாது. 61-இலிருந்து 71 பழகிய கண்ணுக்கு மட்டும்தான். பின்னணியை நீங்களே தேர்ந்தெடுக்க முடியாத வேலை, அதாவது நிகழ்ச்சிகள், நெரிசல், மோசமான வெளிச்சம் என்றால் 1.4-க்குப் போடும் பணம் நியாயம். திறந்த வெளியில் நிறைய எடுப்பவர் 1.8 வைத்திருந்தால் அதை விற்று 1.4 வாங்குவதைவிட, 1.8-ஐ வைத்துக்கொண்டு ஒரு 135 சேர்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. எஃப் 1.2 லென்ஸ்கள் அருமையானவை, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் லென்ஸை நாள் முழுக்கத் தூக்கும் கையும், பத்துப் பதின்மூன்று மில்லிமீட்டருக்குள் வேலை பார்க்கும் பொறுமையும் இருப்பவர்களுக்கு.

வெளிச்சத்துக்காக 1.2 வேண்டாமா என்று கேட்கலாம். வேகமான போர்ட்ரெய்ட் லென்ஸ் பிறந்ததே வெளிச்சத்துக்காகத்தான். 1840-இல் ஜோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த லென்ஸ் ஏறக்குறைய எஃப் 3.6. அசையாமல் பல நிமிடம் உட்கார வேண்டியிருந்த டாகெரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்படத்தை அது மனிதர்களால் தாங்கக்கூடிய நேரத்துக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கு மங்கல் ஒரு பக்க விளைவு. இன்றைய சென்சார்களில் 1.8-க்கும் 1.2-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600 இருந்த இடத்தில் 3600 போடுவது அளவுக்கு. அது இப்போது பெரிய விஷயமே இல்லை.

மங்கலின் அளவு ஒரு பக்கம், அதன் தன்மை இன்னொரு பக்கம். இதில் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது பூனைக்கண். வரிசையாகச் சிறு விளக்குகள் பின்னால் இருக்கும்போது ஃப்ரேமின் நடுவில் உள்ளவை முழு வட்டமாக இருக்கும், ஓரம் போகப் போக இருபுறமும் சீவியது போல ஒடுங்கும். லென்ஸ் குழாயின் விளிம்பு சாய்வாக வரும் ஒளியை மறைப்பதால் வருவது. நிறைய இருந்தால் பின்னணியே நடுவைச் சுற்றிச் சுழல்வது போலத் தெரியும். ஒன்றிரண்டு ஸ்டாப் மூடினால் சரியாகும். பிளீனா இதற்காகவே கட்டப்பட்ட லென்ஸ், முழுக்கத் திறந்தும் ஓரம் வரை வட்டம் வட்டமாகவே இருக்கிறது. 135-ஐ எடுப்பவர் ஆளை ஓரத்தில் நிறுத்தி மறு ஓரத்தை விளக்குகளுக்கு விடும்போது இந்தக் குணம் படத்தையே மாற்றிவிடும்.

இரண்டாவது வண்ண ஓரம். ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் விளிம்புகளில் ஊதாவும், பின்னால் இருப்பவற்றில் பச்சையும் படரும். மூக்குக் கண்ணாடியின் உலோக ஃப்ரேம், வெயில் பட்ட முடி, வெள்ளைச் சட்டைக் காலர் ஆகியவற்றில் உடனே தெரியும். ஓரத்தில் மட்டும் வரும் மற்ற வகை வண்ணப் பிழையை மென்பொருள் ஒரே சொடுக்கில் எடுத்துவிடும். இதை எடுக்கப் போனால் உதட்டு நிறமும் சேர்ந்து வெளுக்கும். அதனால் லென்ஸ் தேர்வில் மூலை வரை கூர்மையா என்று பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது முக்கியம். முகத்தை யாரும் ஃப்ரேமின் மூலையில் வைப்பதில்லை.

மூன்றாவது, மங்கிய வட்டத்துக்குள் வளையம் வளையமாகத் தெரிவது. அச்சில் வார்த்த ஆஸ்ஃபெரிக்கல் (கோள வடிவமில்லாத) கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கோடுகளால் வருகிறது. புதிய லென்ஸ்களில் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆட்டோஃபோகஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் எடுக்கும் சென்சார் வேறு என்பதால் ஒவ்வொரு லென்ஸையும் முன்பின் திருத்த வேண்டியிருந்தது. மிரர்லெஸ்ஸில் இரண்டும் ஒன்றே, கூடவே கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. எஃப் 1.4-ஐ எஃப் 1.4-லேயே வைத்து நம்பி எடுக்க முடிவது இதனால்தான்.

வாங்கிய பிறகு பலரும் திகைப்பது ஷட்டரில். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-இல் எஃப் 16-க்கு 1/100 என்றால், எஃப் 1.4-க்கு 1/12800 வேண்டும். பல கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/8000-உடன் நிற்கும், சிலவற்றில் 1/4000-உடன். மூன்று ஸ்டாப் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும்) ஃபில்டர் ஒன்று லென்ஸோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஃபில்டர் அளவு 67-ஆ, 77-ஆ, 82-ஆ என்பதையும் அப்போது பாருங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. எலக்ட்ரானிக் ஃப்ரண்ட் கர்ட்டன் என்ற அமைப்பு போட்டிருந்தால், 1/2000-க்கு மேல் வேகத்தில் மங்கல் வட்டங்கள் மேலோ கீழோ வெட்டுப்பட்டது போல வரும். முதல் திரை சென்சாரின் பரப்பிலேயே மின்னணு முறையில் திறக்கிறது. மூடும் திரை அதற்குச் சற்று முன்னால் உலோகமாக ஓடுகிறது. அகலமான திறப்பிலிருந்து சாய்வாக வரும் ஒளி இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. லென்ஸின் மங்கல் முரடாக இருக்கிறதே என்று குறைப்படும் முன் இதைப் பாருங்கள். வேகம் கூடும்போது முழு மெக்கானிக்கலுக்கு மாற்றினால் சரியாகிவிடும். சோனி ஏ7சி வரிசையில் மெக்கானிக்கல் முன்திரையே கிடையாது, அங்கே என்டி ஃபில்டர் போட்டு வேகத்தைக் குறைப்பதுதான் வழி. முழு எலக்ட்ரானிக் ஷட்டர் வட்டத்தை வெட்டாது, ஆனால் எல்இடி வெளிச்சத்தில் பட்டை விழலாம்.

கடைசியாக, கையில் இருக்கும் பழைய 85. கேனான் ஈஎஃப் 85 எஃப் 1.8 என்றால் ஈஎஃப்-ஆர்எஃப் அடாப்டரில் கண் ஃபோகஸ் உட்பட எல்லாம் வேலை செய்யும். 1992-இன் வடிவமைப்பு என்பதால் ஊதா ஓரம் தாராளமாக இருக்கும், எஃப் 2.5 பக்கம் மூடினால் நன்றாகக் குறையும். நிக்கானில் ஏஎஃப்-எஸ் 85 எஃப் 1.8ஜி எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் ஆகும், அதற்கு முந்தைய ஏஎஃப்-டி வகை ஆகாது, ஏனென்றால் அந்த லென்ஸ்களைச் சுழற்றும் மோட்டார் அடாப்டரில் இல்லை. உங்களிடம் இருப்பது ஃபோகஸ் ஆகிற வகை என்றால் உடனே எதுவும் வாங்க வேண்டாம். திறப்பு அகலம் அதிலும் அதே 47தான். சில வாரம் அதில் எடுங்கள். எடுத்த படங்களில் பின்னால் போக இடமில்லாமல் ஆள் வெட்டுப்பட்டது அதிகமா, வண்ண ஓரம் தொந்தரவு செய்தது அதிகமா, பின்னணி இன்னும் போதவில்லை என்று தோன்றியது அதிகமா என்று பாருங்கள். முதலாவது என்றால் 50, இரண்டாவது என்றால் புதிய 85 எஃப் 1.8 அல்லது சிக்மா 1.4, மூன்றாவது என்றால் 135.